உதட்டுக் கட்டிக்கு வழியனுப்பு விழா

என் வீட்டுக்காரர் ராஜலிங்கத்துக்கு மாநகரசபையில் கிளார்க் வேலை. ஆனால் கண்டியில் யாருக்கும் அந்த ராஜலிங்கத்தைத் தெரியாது. எல்லோருக்கும் தெரிந்தவர் அறிவிப்பாளர் ராஜலிங்கம். தமிழர் வீட்டுக் கல்யாணமோ, நூல் வெளியீடோ, பரிசளிப்போ, இரங்கல் கூட்டமோ, எதுவானாலும் மேடையின் இடது ஓரத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அவர்தான். "பேரன்பும் பெருமதிப்பும் மிக்க பெரியோர்களே" என்று தொடங்கினார் என்றால் பின்வரிசையில் தூங்குகிறவர்கூட நிமிர்ந்து உட்காருவார். அதே மனிதர் வீட்டுக்குள் வந்து தேத்தண்ணி வேண்டுமென்றால் "இந்தா" என்பார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அதுதான் பெயர். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிற பிரேமிளா டீச்சர், வாசற்படி தாண்டினால் 'இந்தா'.

அவருடைய கீழுதட்டின் இடது பக்கத்தில் ஒரு கட்டி இருந்தது. சின்ன வயதில் கருநீலப் புள்ளியாக இருந்ததாம். தலை நரைக்கத் தொடங்கிய காலத்தில் அதுவும் வளரத் தொடங்கி, நாவற்பழம் அளவுக்கு வந்துவிட்டது. விரலால் அழுத்தினால் அமுங்கும், விட்டால் பொங்கும். குனிந்து சப்பாத்துக்குக் கயிறு கட்டினால் இன்னும் கொஞ்சம் வீங்கும். வலி கிடையாது. வலி இல்லாத எதையும் எங்கள் வீட்டு ஆண்கள் நோய் என்று ஒப்புக்கொள்வதில்லை. போதாக்குறைக்கு, அவருடைய குரலின் மகிமையே அந்தக் கட்டியில்தான் இருக்கிறது என்று எங்கள் ஊர் இலக்கிய மன்றத்தில் யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். இவரும் அதை மறுத்ததாக எனக்கு நினைவில்லை.

போன வருஷம் ஒரு கவிதைப் புத்தக வெளியீட்டில்தான் வினை வந்தது. பிரதம அதிதிக்குப் பொன்னாடை போர்த்த அவசரமாக மேடையேறிய ஒருவர், மைக் ஸ்டாண்டைத் தோளால் இடித்தார். மைக் நேராக வந்து இவருடைய உதட்டில் அடித்தது. கட்டி கிழிந்து இரத்தம் கொட்டத் தொடங்கியது. நான் முன்வரிசையில் இருந்தேன். கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு இந்த மனிதர் "அடுத்த நிகழ்வாக" என்கிறார். லேஞ்சி நனைந்து, சேர்ட் நனைந்து, கடைசியில் அதிதிக்கு வைத்திருந்த பொன்னாடையைப் பறித்து உதட்டில் அழுத்தித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மன்றம் இதுவரை போர்த்திய பொன்னாடைகளில் ஒரு மனிதனுக்கு உண்மையாக உபயோகப்பட்டது அது ஒன்றுதான். ஓட்டோவில் அவருடைய தலை என் தோளில் கிடந்தது. பொன்னாடை நனைந்து என் சேலைக்கும் இரத்தம் வந்தது. இவர் செத்துப்போகப்போகிறார் என்று நினைத்தேன். அந்தப் பயம் இரத்தம் நின்ற பிறகும் என்னை விட்டுப் போகவில்லை.

கிளினிக்கில் எங்களைப் பார்த்தவர் டொக்டர் சுபாஜினி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வயதில் என்னிடம் படித்த பிள்ளைகள் அளவுதான் இருக்கும். கட்டியை விரலால் அமுக்கிப் பார்த்தார், ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது கான்சர் இல்லை, அதுக்குப் பயப்பிடாதேங்கோ," என்றார். "இரத்தக் குழாயள் ஒண்டோடொண்டு பின்னி வளந்த கட்டி. இப்பிடியே வெட்டினா இரத்தத்தை நிப்பாட்டுறது பெரும்பாடு. முதல் கட்டிக்குள்ள ஊசி போடுவம். அந்த மருந்து குழாயளை அடைச்சுப்போடும், கட்டி சுருங்கும். சுருங்கின கையோட மிச்சத்தை வெட்டி எடுப்பம்."

"ஊசியிலயே போயிடாதுங்களா?" என்று இவர் கேட்டார்.

"சில ஆக்களுக்குப் போகும். உங்கட கட்டி பெரிசு, ஆழமாயும் இருக்கு. ஊசியோட விட்டா திரும்ப வளரும். பிறகு எப்ப உடையும், எவ்வளவு இரத்தம் போகுமெண்டு சொல்லேலாது. அண்டைக்கு மனிசி பக்கத்தில இருந்தவ. அடுத்த முறை தனிய இருக்கேக்க நடந்தா என்ன செய்வியள்?"

இவர் கட்டியை விரலால் தடவிக்கொண்டார். பிறகு, "வெட்டினா பேச்சு எப்படி டொக்டர்?" என்றார்.

"கொஞ்ச நாளைக்குச் சிரமமா இருக்கும். பழகப் பழகச் சரிவரும்."

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. எதற்கும் மூன்று துணைக்கேள்வி கேட்கிற மனிதர் சும்மா இருக்கிறாரே என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

எங்கள் ஆட்களுக்கு ஊசி என்றால் தனி மரியாதை. மாத்திரை மட்டும் எழுதிக் கொடுக்கிற டொக்டரை, கிளினிக் வாசலைத் தாண்டுவதற்குள் ஒதுக்கிவைத்துவிடுவோம். அப்படியிருக்க, உதட்டுக்குள்ளேயே ஊசி என்றதும் செய்தி கட்டுகஸ்தோட்டை வரை போய்விட்டது. முதலில் வந்து சேர்ந்தவர் மலைச்சாரல் கலை இலக்கிய நற்பணி மன்றத்தின் தலைவர் வீரசிங்கம். கட்டுகஸ்தோட்டை வீதியில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். இலக்கியத்தில் அவருக்குப் பிடித்த பகுதி தலைமையுரை.

"ஒண்ணும் யோசிக்காதீங்க டீச்சர்," என்றார். "நான் ஒரு கோல் போட்டுர்றேன்."

யாருக்கு டெலிபோன் கோல், எதற்குக் கோல் என்று நான் கேட்கவில்லை. தலைவர் போட்டுவிடுவதாகச் சொல்கிற கோலைப் பற்றி யாரும் விசாரிப்பது கிடையாது.

முதல் ஊசி போட்ட மறுநாள் உதடு பேக்கரிப் பணிஸ் மாதிரி வீங்கிவிட்டது. முதலில் வீங்கும், பிறகுதான் சுருங்கும் என்று டொக்டர் இரண்டு தடவை சொல்லித்தான் அனுப்பியிருந்தார். நான் அதைத் தலைவருக்கும் சொன்னேன். அவர் வாசலில் நின்றபடியே உதட்டைப் பார்த்தார். "இது சரியில்லையே டீச்சர். கேஸ் போடணும்," என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனார். அதற்குப் பிறகு என் கோலை எடுக்கவில்லை. கோல் போடுகிற ஆட்கள் கோல் எடுப்பதில்லை என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த வீக்கம் வடிந்தது. இன்னொரு ஊசி, அதற்கப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் வீங்கி, வடிந்து, முன்னைவிடச் சின்னதாகி, கருநீலம் வெளிறி, கட்டி ஒரு கொண்டைக்கடலை அளவுக்கு இறுகிவிட்டது. டொக்டர் சுபாஜினி தடவிப் பார்த்துத் தலையாட்டினார். ஒரு திகதியை எழுதித் தந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு முன் ஆஸ்பத்திரி வாட்டில் பதிய வேண்டும், திங்கள் காலையில் சத்திரசிகிச்சை. "இதைத் தவறவிட்டா அடுத்த திகதிக்கு மாசக்கணக்காகும். அதுக்குள்ள கட்டி திரும்ப எழும்பினா, ஊசியில இருந்து முதல்ல தொடங்கவேணும்," என்று எனக்குத்தான் சொன்னார். யாரிடம் சொன்னால் நடக்கும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.

கட்டி சுருங்கிய கதை வெளியில் போனதும் அதற்கு உரிமையாளர்கள் கிளம்பினார்கள். பக்கத்து வீட்டம்மா தான் மாத்தளை அம்மனுக்கு வைத்த நேர்த்திக்கடன் என்றார். இவருடைய ஆபீஸில் ஒருவர், தான் நாட்டு வைத்தியம் செய்கிற வெதமாத்தயாவிடம் வாங்கித் தந்த எண்ணெய் என்றார். இவர் அந்தப் போத்தலைத் திறந்து மணந்து பார்த்ததோடு சரி. எல்லோருக்கும் மேலாகத் தலைவர் வீரசிங்கம் திரும்பி வந்தார். வீக்கத்தின்போது வாசலோடு போனவர், இந்தத் தடவை உள்ளே வந்து கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நான் போட்ட கோல் வேலை செஞ்சிருக்கு பாத்தீங்களா," என்றார்.

ஊசி போட்ட டொக்டரின் பெயர் மட்டும் யார் வாயிலும் வரவில்லை.

அடுத்த கிழமையே நோட்டீஸ் வந்தது. வழுவழுப்பான தாள், நடுவில் தலைவரின் கலர்ப்படம், ஓரத்தில் முத்திரை அளவில் இவருடைய படம். 'நோயை வென்ற சொல்மாமணி ராஜலிங்கம் அவர்களுக்கு மாபெரும் பாராட்டு விழா.' வாசித்துக்கொண்டே கீழே போனேன். ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி. நான் கலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டுவைத்திருந்த அதே ஞாயிறு.

எங்கள் ஊரில் நோட்டீஸ் அடித்தாயிற்று என்றால் முடிந்தது கதை. மழை வரலாம், மண் சரியலாம், நோட்டீஸில் போட்டது போட்டதுதான். ஒரு தடவை, நூல் வெளியீட்டுக்கு முந்தின நாள் நூலாசிரியர் மோசம்போய்விட்டார். நோட்டீஸ் அடித்தாயிற்றே என்று வெளியீடு நடந்தது. அவருடைய ஏற்புரைக்கான நேரத்தில் மட்டும் மௌன அஞ்சலி வைத்துக்கொண்டார்கள். அதையும் இவர்தான் உருக்கமாக அறிவித்தார்.

"அன்னைக்கு நீங்க வாட்டுல படுக்கணும்," என்றேன்.

"நோட்டீஸ் அடிச்சாச்சு."

"திகதிய மாத்தச் சொல்லுங்க."

"நோட்டீஸ் அடிச்சாச்சுன்னு சொல்றேன்ல. டொக்டர்கிட்ட வேற நாள் கேட்டுக்கலாம். இப்பதான் சுருங்கிருச்சே, என்ன அவசரம்."

"அவங்க சொன்னது உங்க காதுல விழலயா? தள்ளிப்போனா திரும்ப வளரும்."

"பிரதம அதிதி கொழும்புலருந்து வர்றாரு. நானே இல்லாம யாரு அறிவிப்புச் செய்றது?"

தனக்கு நடக்கிற பாராட்டு விழாவுக்குத் தானே அறிவிப்பாளர். "இப்போது விழா நாயகனை மேடைக்கு அழைக்கிறோம்" என்று அழைத்துவிட்டு, தானே நடந்து போய் நடுவில் உட்கார வேண்டும். அதில் அவருக்கு ஒரு கூச்சமும் தெரியவில்லை. எனக்குத்தான் தலை சுற்றியது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகத் தலைவரின் கடைக்குப் போனேன். பெயின்ட் வாளிகளுக்கு நடுவில், கல்லாவுக்கு மேலே, அவருக்குப் போர்த்திய பொன்னாடைகளைக் கண்ணாடி அலுமாரிக்குள் மடித்து அடுக்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி, விழாவை ஒரு கிழமை தள்ளிவையுங்கள் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஞாயித்துக்கெழம ஆஸ்பத்திரின்னு எனக்குத் தெரியாதே டீச்சர். நான் அடுத்த மாசம் வெச்சிக்கலாம்னுதான் சொன்னேன். மண்டபமும் அப்பதான் லேசா கெடைக்கும். உங்க வீட்டுக்காரர்தான் இந்த ஞாயித்துக்கெழமையே வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு."

அந்தத் திகதியைக் கொடுத்ததே என் வீட்டுக்காரர். கலண்டரில் நான் போட்ட சிவப்பு வட்டத்தைப் பார்த்துத்தான் நாள் குறித்திருக்கிறார். பஸ்ஸில் வீடு வரும்வரை ஏசுவதற்கு வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே வந்தேன். மேடைப் புகழுக்காக உயிரைப் பணயம் வைக்கிற புத்தி எங்கேயிருந்து வந்தது என்று தொடங்குவதாக இருந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது குளியலறைக் கதவு அரைவாசி திறந்திருந்தது. இவர் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கீழுதட்டை இரண்டு விரலால் பிடித்து ஒரு பக்கமாக இழுத்து வைத்திருந்தார். வெட்டிய பிறகு உதடு எப்படி இருக்குமோ அப்படி. அந்த நிலையிலேயே, "பேரன்பும் பெருமதிப்பும்" என்று சொல்லிப் பார்த்தார். உதடு சேரவில்லை. வெறும் காற்றுத்தான் வந்தது. மறுபடி சொன்னார். மறுபடியும் காற்று. விரலை எடுத்துவிட்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சேர்த்துவைத்திருந்த ஏச்சு முழுவதும் எங்கேயோ போய்விட்டது. அவருடைய பேச்சில் பாதி உதட்டால் சொல்கிற சொற்கள். பேரன்பு, பெருமதிப்பு, பெரியோர், பொன்னாடை, பிரதம அதிதி, மங்கள விளக்கு. அவற்றை எடுத்துவிட்டால் மாநகரசபையில் ஒரு மேசையும் கோப்புக் கட்டும்தான் அவருக்கு மிச்சம். சாவதைவிட அதுதான் அவருக்குப் பெரிய பயம். அதை என்னிடம் சொல்ல வாய் வரவில்லை, நோட்டீஸுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறார். எனக்கு அவர் மேல் அவ்வளவு கோபமும் இருந்தது, அவ்வளவு பாசமும் இருந்தது. சத்தம் காட்டாமல் வெளியே போய், அப்போதுதான் வருகிறவள் மாதிரிச் செருப்பைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தேன்.

எடுத்துச் சொன்னால் அவர் கேட்கப்போவதில்லை. பயத்தில் இருக்கிற மனிதரிடம் ஞாயம் பேசிப் பயனில்லை. இந்த ஊரில் இவர் ஒன்றுக்கு மட்டும்தான் கட்டுப்படுவார். எனவே நானும் நோட்டீஸ் அடிக்கத் தீர்மானித்தேன்.

மன்றத்துக்கு வழக்கமாக அடித்துக் கொடுக்கிற அச்சகத்துக்கே போனேன். அதே நாள், அதே மண்டபம், அதே நேரம், அதே பிரதம அதிதி. தலைப்பை மட்டும் 'பாராட்டு மற்றும் வழியனுப்பு விழா' என்று மாற்றினேன். தலைவரின் படத்தை முன்னையதைவிடப் பெரிதாக்கச் சொன்னேன். நிகழ்ச்சி நிரலில் மங்கள விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, பட்டம் வழங்கல், ஏற்புரை எல்லாம் இருந்தபடியே விட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். 'பதினொரு மணிக்கு: விழா நாயகனைச் சத்திரசிகிச்சைக்காக வைத்தியசாலையில் ஒப்படைத்தல் - தலைவர் வீரசிங்கம் அவர்கள்.'

அடியில் ஏற்பாடு என்று யார் பெயரைப் போடுவது என்று அச்சகத்துக்காரர் கேட்டார். திருமதி பிரேமிளா ராஜலிங்கம் என்று போடுங்கள் என்றேன். போட்டுக் காட்டினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுத்தை இன்னும் சற்றுப் பெரிதாக்கினால் என்ன என்று கேட்டேன். அந்தச் சீக்கு யாரையும் விடுவதில்லை.

அங்கேயிருந்து ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற பவாஸைப் பார்க்கப் போனேன். மடவளைக்காரர், இவருடைய மேடைகளுக்கெல்லாம் மைக் போடுகிறவர். பொன்னாடை இரத்தத்தில் நனைந்த அன்று ஓட்டோவைப் பிடித்து வந்தவரும் அவர்தான். விஷயத்தைச் சொன்னேன். தலைவர் பேசத் தொடங்கினால் பன்னிரண்டு மணிக்கு வாட்டுக்குப் போய்ச் சேர முடியாது என்றும் சொன்னேன்.

"நீங்க ஒண்டுக்கும் யோசிக்கவாணாம் டீச்சர்," என்றார் பவாஸ். "ஒங்கட கண்ணக் காட்டுங்க, மத்தத நான் பாத்துக்கொள்றேன். எங்கட மெஷின்ல அடிக்கடி கரண்ட் பிரச்சினை ஒண்டு ஈக்கிதுதானே."

நோட்டீஸ் ஊருக்குள் போன அன்று மாலையே தலைவர் எனக்குக் கோல் போட்டார். பல மாதங்களுக்குப் பிறகு அவராகப் போட்ட கோல்.

"டீச்சர், புது நோட்டீஸ் பாத்தேன். நெரல்ல எம்பேரு ரெண்டு எடத்துல வருது," என்றார். குரல் தழுதழுத்தது. "இந்த ஒப்படைக்கிற நிகழ்ச்சி புதுசா இருக்கே. இதுவரைக்கும் எந்த மன்றமும் செஞ்சதில்ல."

வீட்டில் இவர் அந்த நோட்டீஸை மேலிருந்து கீழே வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும் முகம் வெளுத்தது. மறுபடி மேலே போய்த் திகதியைப் பார்த்தார்.

"இது என்ன இந்தா? யாரக் கேட்டு..."

"நோட்டீஸ் அடிச்சாச்சு," என்றேன்.

அவர் தாளை மடித்துச் சேர்ட் பொக்கட்டில் வைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். சோறு வேண்டாம் என்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி விழா, வழக்கம்போலப் பத்து மணிக்கும் தொடங்கவில்லை. பிரதம அதிதி வரவில்லை. கோல் போட்டுக் கேட்டால், கண்டிக்கு வருகிற வழியில் கடுகண்ணாவை மலை ஏறிவிட்டாராம். கொழும்பிலிருந்து பிந்தி வருகிற எல்லோரும் எந்த நேரத்தில் கேட்டாலும் கடுகண்ணாவைதான் ஏறிக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டால், பல்லேகலவில் கிரிக்கெட் மட்ச், அதனால் பாதையெல்லாம் வாகனமாம். பல்லேகல கண்டிக்கு அந்தப் பக்கம். கடுகண்ணாவையில் இருப்பவருக்கு அது எப்படிப் பாதையை மறித்தது என்று நான் கேட்கவில்லை. என் கண் சுவர் மணிக்கூட்டில்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற பையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

ஒருவழியாக அதிதி இல்லாமலே விளக்கேற்றினார்கள். பட்டத்தை முன்னால் கொடுத்துவிடுவோம் என்று ஒரு பொன்னாடையைப் போர்த்தினார்கள். பிறகு தலைவர் தலைமையுரைக்கு எழுந்தார். உதட்டில் ஆரம்பித்தார். உதட்டிலிருந்து தமிழுக்குப் போனார். தமிழிலிருந்து தன்னுடைய கடைத் திறப்பு விழாவுக்குப் போனார். டொக்டருக்குத் தான் போட்ட கோலை விவரமாகச் சொல்லத் தொடங்கியபோது மணி பதினொன்றாகிவிட்டது. நான் திரும்பிப் பவாஸைப் பார்த்தேன். தலைவருடைய வாய் அசைந்துகொண்டே இருந்தது, சத்தம் மட்டும் நின்றுவிட்டது.

தலைவர் மைக்கைத் தட்டினார். ஊதினார். பவாஸ் இடுப்பில் கைவைத்து மெஷினைச் சோகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். மைக் இல்லாமல் பேசுவது தலைவருக்குத் தெரியாது. சைகையால் ஏற்புரைக்குப் போகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் கதிரையில் சாய்ந்ததும் கரண்ட் வந்துவிட்டது.

ஏற்புரைக்கு ராஜலிங்கத்தை ராஜலிங்கம் அழைத்தார். பொன்னாடையோடு நடுவுக்கு வந்து நின்றார்.

"பேரன்பும் பெருமதிப்பும் மிக்க பெரியோர்களே," என்று தொடங்கினார். வழக்கமான குரல். மன்றத்துக்கு நன்றி, தலைவருக்கு நன்றி, வராத பிரதம அதிதிக்கும் நன்றி. பிறகு நின்றுவிட்டார். கையிலிருந்த நோட்டீஸைப் பார்த்தார். கடைசி வரியைத்தான் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"எனக்குப் பயமா இருக்கு," என்றார். "நாளைக்கப்புறம் இப்படிப் பேச முடியுமான்னு தெரியல."

மண்டபம் முழுவதும் கைதட்டியது. என்ன அடக்கம், என்ன நயம் என்று எனக்குப் பின்னால் ஒருவர் சொன்னார். தலைவர் எழுந்து நின்று தட்டினார். என் வீட்டுக்காரர் மேடையேறத் தொடங்கிய காலத்திலிருந்து மைக்கில் சொன்ன முதல் உண்மை அது. அதையும் அலங்காரம் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் கைதட்டவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றேன். மேடையிலிருந்து என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். இறங்கி வந்தார்.

தலைவர் நிரலில் இருந்தபடியே அவரை வான் வண்டியில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், வாட்டின் மேசைவரை கையைப் பிடித்து அழைத்துப்போனார். எங்கள் ஊர் நோட்டீஸின் வல்லமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். தலைவரின் கழுத்திலும் ஒரு பொன்னாடை, இவருடைய கழுத்திலும் ஒரு பொன்னாடை. இதில் யார் நோயாளி என்று தாதி கேட்டார். தலைவர் பதில் சொல்வதற்கு முன்னால் இவர் பொன்னாடையைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, "நான்தான்," என்றார். அப்போது பன்னிரண்டாகச் சில நிமிஷங்கள் இருந்தன. ஒப்படைக்கிற காட்சியைப் படமெடுக்க வேண்டும் என்று தலைவர் கேட்டுப் பார்த்தார். வாட்டுக்குள் படமெடுக்க விடமாட்டோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

திங்கட்கிழமை நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். ஓட்டோவில் நனைந்த சேலைதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. டொக்டர் சுபாஜினி வெளியே வந்ததும் அவருடைய முகத்தைப் பார்க்காமல் உடுப்பைத்தான் பார்த்தேன். இரத்தம் இருக்கவில்லை.

"எல்லாம் எடுத்தாச்சு," என்றார். "ஊசி போட்டுச் சுருக்கினபடியா இரத்தம் பெரிசாப் போகேல்லை. பயப்பிடாமப் போய்ப் பாருங்கோ."

அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எனக்குத் தெரிந்த நன்றியுரை அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு, உதட்டை அசைக்கக் கூடாது, பேசவே கூடாது என்று கட்டளை. எங்கள் வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை. தேத்தண்ணி வேண்டுமென்றால் கோப்பையைத் தூக்கிக் காட்டுவார். 'இந்தா' கூட இல்லை. விழாக்களுக்கு வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் ரேடியோவை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் ஒரு தடவை வந்து உதட்டைப் பார்த்து, தையல் தெரிகிறதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

தையல் பிரித்துக் கொஞ்ச நாள் ஆற விட்டபின் கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் தழும்பைத் தடவிப் பார்த்தார். "நல்லா ஆறியிருக்கு. இனிக் கதைச்சுப் பாப்பம். ரெண்டு உதடும் முட்டுற மாதிரி ஏதாவது சொல்லுங்கோ," என்றார்.

என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். பேரன்பும் பெருமதிப்பும் மிக்க பெரியோர்களே. அது சரியாக வராவிட்டால் இந்த மனிதரை எப்படித் தேற்றுவது என்று அதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

கதிரையை விட்டு எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு பேச அவருக்கு வராது. தொண்டையைச் செருமினார். வலது கை தானாக உயர்ந்து, இல்லாத மைக்கைப் பிடித்துக்கொண்டது.

"பெரு..." என்றார். உதடு தழும்பில் மாட்டிக் காற்று கசிந்தது. நிறுத்தினார். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தொடங்கினார்.

"பெருமதிப்புக்குரிய பிரேமிளா அவர்களே."

டொக்டர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். இந்த மனிதரின் வாயில் என் பெயரை நான் முதல்முதலாகக் கேட்கிறேன். பட்டத்தோடும் பன்மையோடும் வந்தது, முன்னுக்குக் கொஞ்சம் காற்றும் கலந்து வந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது.

"இங்க மைக் இல்லீங்க," என்றேன். "மெதுவாவே சொல்லலாம்."

கையைக் கீழே போட்டார். இன்னொரு தடவை மெதுவாகச் சொன்னார். இந்தத் தடவை பெயரை மட்டும்.